கோடிமடம், பள்ளிகாவி

கர்நாடக மாநிலம், சிவமொக்கா மாவட்டம், சிகாரிபுர வட்டத்திலுள்ள பள்ளிகாவியில் ஏரிக்கரையில் அமைந்திருந்த காலாமுக சைவ மடம். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேலைச் சாளுக்கியர், கலச்சூரியர், ஹொய்சளர் ஆகிய மூன்று அரசுகளின் ஆதரவையும் பெற்றது. தென்கேதாரம் எனப் போற்றப்பட்ட கேதாரேசுவரர் கோயிலின் நிர்வாகம் இம்மடத்தின் கையில் இருந்தது. வேதம், இலக்கணம், தத்துவம் கற்பித்த இடமாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் நாதியற்றவர்களுக்குச் சோறிட்டு, நோயாளிகளைத் தங்கவைத்து மருத்துவம் பார்த்த இடமும் இதுவே. தென்னிந்திய அறநிலையங்களின் வரலாற்றில் இம்மடத்துக்குரிய சிறப்பு இந்த இரண்டாவது பணியால் வந்தது.

பெயரும் இடமும்

கல்வெட்டுகளில் ஊரின் பெயர் பள்ளிகாவெ, பள்ளிகாமெ, பலிபுரம் எனப் பலவாறு வருகிறது. வடகர்நாடகத்துப் பெளகாவி (பெல்காம்) நகரம் வேறு, இவ்வூர் வேறு. வனவாசி பன்னீராயிரம் என்னும் நாட்டுப் பிரிவின் தலைநகராகப் பள்ளிகாவி இருந்தது. மலைநாட்டுக்கும் சமவெளிக்கும் நடுவே வணிகம் செழித்த ஊர் என்பதால் எல்லாச் சமயத்தாரும் இங்கே கோயிலும் பள்ளியும் எடுத்தனர். 1065இல் சாளுக்கிய அதிகாரி ரூபபட்டய்யா இங்கே ஒரு பௌத்த விகாரம் கட்டித் தாரா பகவதிக்கு நிலம் விட்டார். தென்னிந்தியாவின் பல பகுதிகளில் பௌத்தம் தளர்ந்துவிட்ட காலத்தில் நடந்தது இது. சமணப் பள்ளிகளும் வைணவக் கோயில்களும் இங்கு இருந்தன. 1047இல் நாட்டப்பட்ட கண்டபேருண்டத் தூண் இன்றும் ஊருக்குள் நிற்கிறது.

தாவரெகெரெ, அதாவது தாமரை ஏரி, நிறைந்தபின் மிகைநீர் வெளியேறும் வாய்க்குக் கன்னடத்தில் கோடி என்று பெயர். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் ஏரி கோடி போகிறது என்றே சொல்வர். தெற்கே கலிங்கு, மறுகால் என்பர். அந்த வாயை அடுத்து இருந்ததால் இது கோடிய மடம், கோடிமடம் எனப்பட்டது. ஹாசன் மாவட்டம் அரசீகெரெ அருகே ஹாரனஹள்ளியில் இன்று இயங்கும் கோடிமடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

காலாமுகர்

மடத்தின் இயல்பை அறிய அதை நடத்திய காலாமுகரை அறிய வேண்டும். குஜராத்தின் காரோகணத்தில் தோன்றியவராகக் கருதப்படும் லகுலீசரைத் தங்கள் முதல் ஆசிரியராகக் கொண்ட பாசுபத நெறியின் ஒரு கிளையினர் இவர்கள். நெற்றியில் கரிய குறி இட்டுக்கொண்டதால் இப்பெயர் வந்தது என்பர். கொடும்பாளூர்க் கல்வெட்டு இவர்களைக் கருமுகத்தர் என்னும் பொருள்படும் அசிதவக்திரர் என்ற வடசொல்லால் குறிக்கிறது.

இவர்களைப் பற்றிப் பரவியுள்ள கருத்துகளில் பெரும்பகுதி இவர்களின் எதிர்த்தரப்பார் எழுதியவற்றிலிருந்து வந்தது. யாமுனரின் ஆகமப் பிராமாணியமும் இராமானுசரின் ஸ்ரீபாஷ்யமும் சைவத்தை நான்காகப் பிரித்து, அதில் காலாமுகரை ஒரு பிரிவாக வைத்தன. மண்டையோட்டில் உண்பவர், பிணச்சாம்பலைப் பூசுபவர், கள்குடத்தை வைத்து வழிபடுபவர் என்றெல்லாம் அவை வருணித்தன. கல்வெட்டுகளில் இதற்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. கல்வெட்டுகள் காட்டும் காலாமுகர் பிரமசாரிகள்; தருக்கத்திலும் இலக்கணத்திலும் தேர்ந்தவர்கள்; கோயில் சொத்தைக் கணக்குப் பிசகாமல் ஆண்டவர்கள். 1972இல் வெளிவந்த டேவிட் லோரன்சனின் ஆய்வு, காபாலிகரின் வழக்கங்களைக் காலாமுகர்மீது ஏற்றிச் சொன்னதால் இந்தக் குழப்பம் வந்தது எனக் காட்டியது. அம்முடிவே சரியானது. பிணச்சாம்பல் பூசித் திரிந்த கூட்டமாயின் மூன்று பேரரசுகளும் அடுத்தடுத்து இவர்களிடம் ஊர்களை ஒப்படைத்திருக்கமாட்டா.

காலாமுகருக்குள் சக்தி பரிஷத்து, சிம்ம பரிஷத்து என இரு பெரும் பிரிவுகள் இருந்தன. கோடிமடம் சக்தி பரிஷத்தைச் சேர்ந்தது. அப்பரிஷத்துக்குள் பர்வதாவளி என்பது ஒரு வழி. இதில் குறிக்கப்படும் பர்வதம் ஸ்ரீசைலம் என்று கொள்ளலாம். பர்வதாவளிக்குள்ளும் மூவரகோணேய சந்ததி என்ற உட்கிளையையே கோடிமடத்தார் தங்கள் மரபாகச் சொல்லிக்கொண்டனர். சக்தி, ராசி, ஆபரணர் என்று முடியும் பெயர்களைக் கண்டால் காலாமுகத் துறவி என ஊகிக்கலாம். எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்றாலும் கல்வெட்டு படிப்பவர்களுக்கு நல்ல துணை.

பள்ளிகாவியில் காலாமுகர் கோடிமடத்துக்கு முன்பே வேரூன்றியிருந்தனர். பஞ்சலிங்கக் கோயிலுக்கு 1036இல் சாளுக்கிய மன்னன் இரண்டாம் செயசிம்மன் கொடை அளித்தபோது, அதைப் பெற்றவர் வாதி ருத்திரகண லகுலீசுவர பண்டிதர். இவருக்குச் சில ஆண்டுகள் முன் தமிழகத்து மேல்பாடியில், முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டில், லகுலீசுவர பண்டிதர் என்ற மடத்தலைவர் ஒருவர் வருகிறார். இருவரும் ஒருவரே, சோழநாட்டிலிருந்து சாளுக்கிய நாட்டுக்கு வந்தவர் எனக் கல்வெட்டறிஞர் ஃபிளீட் கருதினார். லகுலீசர் மரபில் வந்த எந்த ஆசிரியரும் அப்பெயரைத் தரித்திருக்கலாம். ஆகவே இவர்கள் இருவேறு ஆட்களாகவும் இருக்கலாம்.

தமிழகத்தில் காலாமுகருக்கு நல்ல சான்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர். இருக்குவேள் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணா என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்தான். மூவர்கோயில் எனப்படும் அவற்றை எடுத்தபின் மல்லிகார்ச்சுனர் என்ற காலாமுக ஆசிரியருக்கு ஒரு பெரிய மடத்தையும் பதினொரு ஊர்களையும் கொடுத்தான். நாளும் ஐம்பது துறவியருக்கு உணவளிப்பது அக்கொடையின் நோக்கம். அங்கே உண்டவர்கள் துறவியர் மட்டுமே. கோடிமடத்தின் பந்தி வேறு வகையானது.

ஆசிரியர் வரிசை

கோடிமடத்தின் முதல் ஆசிரியராகக் கல்வெட்டுகள் கூறுபவர் கேதாரசக்தி. அவர் மாணவர் ஸ்ரீகண்டர். ஸ்ரீகண்டரின் மாணவர் சோமேசுவர பண்டிதர். சோமேசுவரர் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தவர். லாகுல சித்தாந்தத்தை மலரச் செய்தவர் என்று கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. அவர் காலத்தில்தான் மடத்துக்கு நிலக்கொடைகள் பெருகத் தொடங்கின. ஆசிரியரின் கால்களைக் கழுவி, நீர் வார்த்துக் கொடுக்கும் தாரைக் கொடைகள் அவை.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் வாதி வித்தியாபரணர். பெயருக்கு ஏற்ற வாதப் புலி. பௌத்தர், சமணர், மீமாம்சகர், உலகாயதர் எனப் பலரையும் வாதில் வென்றவராகப் பாராட்டப்படுகிறார். மடத்து நிர்வாகம் தம் படிப்புக்குத் தடை என்று கருதிய இவர், தலைமையை மாணவர் கௌதமரிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவடிகளோடு ஒதுங்கினார். 1129ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பது அருமையான செய்தி. அந்த நிர்வாகம் எத்தகையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். குத்தகை நெல் வந்து சேர வேண்டும். பந்திக்கு வருவோருக்கு உலை ஏற வேண்டும். கோயில் பழுது பார்க்க வேண்டும். படுத்திருக்கும் நோயாளிக்கு மருந்து போக வேண்டும். அந்தச் சுமையைத் தாங்கிய கௌதமரைப் பற்றிப் புலமைப் புகழ்ச்சிகள் குறைவு. மடம் நின்றது அவரைப் போன்றவர்களால்தான்.

கௌதமருக்குப்பின் வந்த வாமசக்தி வரிசையிலேயே செல்வாக்கு மிக்கவர். இராசகுரு என்ற பட்டம் பெற்றவர். கலச்சூரி பிஜ்ஜளன் முதல் ஹொய்சள இரண்டாம் வீரபல்லாளன் வரை ஏறத்தாழ முப்பதாண்டுகள் மன்னர்கள் மாறினர், அவர் மாறவில்லை.

1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு

மடத்தின் பணிகளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி ஒரே கல்லிலிருந்து வருகிறது. சாளுக்கியரின் அரியணையைக் கைப்பற்றிய பிஜ்ஜளன், 1162இல் தென்திசையை அடக்கப் புறப்பட்டுப் பள்ளிகாவியில் பாளையம் இறங்கியிருந்தான். காசப்பய நாயக்கர் என்ற அதிகாரி அப்போது மடத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல, அரசன் கொடை அளித்தான். அந்தப் பெருமையைத்தான் கல் விரித்துரைக்கிறது.

இப்பகுதியின் கொடைக்கற்கள் பல ஆளுயரத்துக்கும் மேலானவை. தலைப்பில் நடுவே லிங்கம். பக்கத்தில் பூசை செய்யும் ஆசிரியர், நந்தி, கன்றுக்குப் பால் கொடுக்கும் பசு. மேலே ஞாயிறும் திங்களும். அவற்றின்கீழ் பழங்கன்னட எழுத்து நெருக்கி நெருக்கி வெட்டப்பட்டிருக்கும். 1162ஆம் ஆண்டுக் கல்லின் வாசகம் மடத்தை இது இன்னதற்கு இடம், இன்னதற்கு இடம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது.

முதலில் வாழ்நாள் முழுதும் பிரமசரியம் காக்கும் சைவ நைட்டிகர்களின் நோன்புக்கு இடம் என்று சொல்கிறது. பிறகு நான்கு வேதங்களும் அவற்றின் அங்கங்களும் ஓதப்படும் இடம் என்கிறது. அடுத்து இலக்கணம்: கௌமாரம், பாணினீயம், சாகடாயன சப்தானுசாசனம் முதலியவற்றுக்கு விளக்கம் சொல்லும் இடம். அதன்பின் நியாயம், வைசேடிகம், மீமாம்சை, சாங்கியம், பௌத்தம் உள்ளிட்ட தரிசனங்கள். லாகுல சித்தாந்தம், பதஞ்சலி யோகம். பதினெண் புராணங்கள், தரும சாத்திரங்கள், காவியம், நாடகம். சாகடாயனர் சமணர், அமோகவர்ஷன் காலத்தில் தம் நூலை எழுதியவர். பௌத்தமோ இம்மடத்தின் ஆசிரியர்கள் வாதில் எதிர்த்த தரப்பு. சமணரின் இலக்கணத்தையும் பௌத்தரின் தருக்கத்தையும் சைவ மடத்தில் வைத்துப் பாடம் சொன்னார்கள். எதிரியின் நூலைப் படிக்காமல் அவனோடு வாதிட முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக மட்டும் இத்தனை நூல்களையும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அடுக்கு இத்துடன் நிற்கவில்லை. ஏழைகள், ஆதரவற்றோர், முடவர், குருடர், செவிடர் ஆகியோருக்கு எப்போதும் சோறு போடும் இடம் என்று தொடர்கிறது. கதை சொல்பவர், பாடகர், குழல் ஊதுபவர், ஆடுபவர், புகழ்பாடும் வைதாளிகர் ஆகியோரும் அந்தப் பந்தியில் உண்டு. சமணச் சபணகர், ஏகதண்டி, திரிதண்டி, அம்சர், பரமஅம்சர் ஆகிய துறவியரும், பல நாட்டிலிருந்தும் வரும் எல்லாச் சமயத்து இரவலர்களும் உண்டு. அதற்கும் அப்பால், திக்கற்ற நோயாளிகள் பலரைத் தங்கவைத்து மருத்துவம் செய்யும் இடம். எல்லா உயிர்களுக்கும் அபயம் கொடுக்கும் இடம். இந்த வாசகத்தோடு வருணனை முடிகிறது.

பேணும் இடமாக மடம்

கோடிமடத்தைப் பழங்காலப் பல்கலைக்கழகம் என்று எழுதுவது வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. நூற்பட்டியலை முழுமையாக எடுத்துக்காட்டிவிட்டு, ஏழைக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கல்லை வெட்டியவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. பாணினீயத்துக்கு இடம் என்று சொன்ன அதே தொடரமைப்பில்தான் நோயாளிக்கு இடம் என்றும் சொன்னார்கள். அதுவும் வருணனையின் கடைசிப் பகுதியில், உச்சமாக வைத்துச் சொன்னார்கள். இலக்கணம் படிக்கும் மாணவனும் பிணியால் படுத்திருக்கும் வழிப்போக்கனும் ஒரே கூரைக்கும் ஒரே குத்தகை நெல்லுக்கும் உரியவர்கள் என்பதே அந்த அமைப்பின் பொருள்.

இந்த வரிசைக்கு மூலம் எது? கர்நாடகச் சமணக் கல்வெட்டுகளில் ஆகாரம், அபயம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானம் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்ச் சமணரும் அறிந்த மரபு அது. கோடிமடத்து அடுக்கில் நான்கும் இருக்கின்றன: நூல்களாகச் சாத்திரதானம், பந்தியாக அன்னதானம், நோயாளிக்கு மருந்து, இறுதியில் அபயம். சமணர் நிறைந்த ஊரில் அவர்களோடு போட்டியிட்டு வளர்ந்த சைவ மடம் அவர்களின் அறத்தைத் தனதாக்கிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம்.

மருத்துவர் யார், என்ன மருந்து என்ற விவரத்துக்கு இக்கல் போகவில்லை. அக்காலத்தில் அறநிலைய மருத்துவம் எப்படி நடந்தது என்பதைக் காட்ட ஏறத்தாழ நூறாண்டு முந்திய தமிழ்க் கல்வெட்டு உதவுகிறது. பாலாறு, வேகவதி, செய்யாறு மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு உள்ளது. வேத பாடசாலை, மாணவர் விடுதி ஆகியவற்றோடு வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையையும் (மருத்துவமனையையும்) அது விவரிக்கிறது. பதினைந்து நோயாளிகள் தங்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் எடுப்பவர் ஒருவர் எனப் பணியாளர்களும் குறிக்கப்படுகின்றனர். ஓர் ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட இருக்கிறது. கோடிமடத்தில் இதே அளவு, இதே முறை என்று சொல்ல முடியாது. ஆனால் நோயாளியைத் தங்கவைத்து மருத்துவம் செய்வது அக்காலக் கோயில்களும் மடங்களும் செலவுக்கணக்கு எழுதி நடத்திய காரியம் என்பதற்கு இது போதும்.

ஆந்திரத்தில் குண்டூர்ப் பகுதியைச் சேர்ந்த மல்காபுரக் கல்வெட்டு (1261) அடுத்த நூற்றாண்டுச் சான்று. காகதீய அரசி ருத்திரமதேவி காலத்தில் கோளகி மடத்து விசுவேசுவர சம்பு தமக்குக் கிடைத்த ஊர் வருவாயில் கோயிலுக்கும் மடத்துக்கும் அன்னசாலைக்கும் ஒதுக்கியதோடு, நோயாளிகளுக்கு ஆரோக்கியசாலையும் பெண்களுக்குப் பிரசவசாலையும் நடத்த ஏற்பாடு செய்தார். அவர் காலாமுகர் அல்லர்; சித்தாந்த சைவர். நெறி மாறினாலும் மடம் என்ற அமைப்பு செய்த வேலை மாறவில்லை.

கோயில்

மடத்தின் கட்டடங்கள் இன்று இல்லை. எஞ்சியிருப்பது கேதாரேசுவரர் கோயில். மூன்று கருவறைகள் கொண்ட திரிகூடம். மேற்கிலும் தெற்கிலும் லிங்கம், வடக்கில் திருமால். மாக்கல்லால் ஆன பிற்காலச் சாளுக்கியப் பணி. ஹொய்சளரின் சிங்கச் சின்னம் பின்னர் சேர்ந்தது. முன்மண்டபம் மூன்று பக்கமும் திறந்தது. அதன் கடைந்த தூண்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். ஊரின் திரிபுராந்தகர் கோயிலும் பார்க்கத்தக்கது.

பிற்காலமும் இன்றைய நிலையும்

பிஜ்ஜளனின் கல்யாண நகரில் பசவண்ணர் கண்ட சிவனடியார் இயக்கமான சரண இயக்கத்தின் தலைமை ஞானியான அல்லமப் பிரபு, மரபின்படி, பள்ளிகாவியில் பிறந்தவர். கோயிலில் மத்தளம் வாசித்தவர். அக்கமகாதேவியின் ஊராகச் சொல்லப்படும் உடுதடி அருகிலேயே உள்ளது. 13ஆம் நூற்றாண்டுக்குப்பின் காலாமுகர் தனிப் பிரிவாகத் தென்படவில்லை. அவர்களின் மடங்கள் பல, சரண இயக்கத்தோடு தொடர்புடைய வீரசைவர் கைக்கு மாறின. சோறிடும் வழக்கம் தாசோகம் என்ற பெயரில் தொடர்ந்தது. பெங்களூரிலிருந்து பள்ளிகாவி செல்லும் வழியில் உள்ள வீரசைவ மடமான தும்கூரு சித்தகங்கா மடத்தில் இன்றும் பல்லாயிரம் ஏழை மாணவர்கள் சாதிமத வேறுபாடின்றி உண்டு, தங்கி, படிக்கிறார்கள். 1941 முதல் 2019இல் மறையும்வரை அதை நடத்தியவர் சிவகுமார சுவாமிகள்.

இம்மடத்தை உலகம் அறியச் செய்தவர் பெங்களூரில் பிறந்து, மைசூர் அரசின் தொல்லியல் பணியில் இருந்த பி. எல். ரைஸ். பள்ளிகாவிக் கல்வெட்டுகள் அவர் பதிப்பித்த எபிகிராபியா கர்னாடிகாவின் ஏழாம் தொகுதியில் 1902இல் அச்சேறின.

கேதாரேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, ஏரியும் உண்டு. பெங்களூரிலிருந்து சிவமொக்கா வரை ரயில், அங்கிருந்து சிகாரிபுரம், சிராளகொப்பா வழியாகப் பேருந்து. சிவமொக்காவிலிருந்து சுமார் 70 கி.மீ. கடம்பர் தூண் கல்வெட்டு உள்ள தாளகுந்தா சில கி.மீ. தொலைவில் இருப்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.